அப்பாவுக்கு ஏ.எஃப். என்றால் பிள்ளைகள் மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா?

அப்பாவுக்கோ அக்காவுக்கோ 'ஏ.எஃப்.' என்று கார்டியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டால், வீட்டில் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இது பரம்பரையா, நமக்கும் வருமா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே யோசனைகள் வந்து விழும். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ரிப்போர்ட் வீட்டுக்கே வந்துவிடும் என்று ஒருவர் விளம்பரத்தைப் போடுவார். பெரிய ஆஸ்பத்திரியில், பல ஜீன்களை ஒரே நேரத்தில் படிக்கும் ஜீன் பேனல் எடுத்துவிடலாம் என்பார் இன்னொருவர். ஈசிஜி எடுக்கும் வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டால் போதாதா என்பார் மூன்றாமவர். நான்காவது ஒருவர் எதுவும் பேசாமல் தன் பி.பி. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருப்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த நான்காமவர் செய்வதுதான் சரி. கூடவே அவ்வப்போது ஓர் ஈசிஜி. ஒரு சில குடும்பங்களுக்கு ஜீன் பேனல் உண்மையிலேயே தேவை, அவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது. எச்சில் டெஸ்ட் யாருக்கும் அவசரமில்லை. எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்வி பிரித்துவிடும்: ஏ.எஃப். வந்தபோது அவருக்கு என்ன வயது?

ஏ.எஃப். என்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நாடித்துடிப்பு எந்தக் கணக்கிலும் அடங்காமல் ஓடும். சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு. பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆபத்து துடிப்பில் மட்டும் இல்லை. மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு என்பது அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வு சொன்ன கணக்கு.

பரம்பரையா என்றால், ஆம், ஓரளவுக்கு. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஏ.எஃப். வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 62 சதவீதம் மரபு சார்ந்தது என்றது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 2004-இல் காட்டியது. பயப்படுவதற்கு முன் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே ஃப்ரேமிங்ஹாமில், 55 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஏ.எஃப். வந்துவிடுகிறது. இவ்வளவு சாதாரணமாக வரும் ஒன்று 78 வயது அப்பாவுக்கு வந்ததில் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி எதுவும் இல்லை. 38 வயது அண்ணனுக்கு வந்தால் கதை வேறு. ஐஸ்லாந்தில் குடும்ப மரங்களை வைத்துப் பார்த்தபோது, நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினருக்குப் பொதுவாக 1.77 மடங்காக இருந்த அபாயம், 60 வயதுக்கு முன்பே வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது 4.67 மடங்காக ஏறியது.

முதலில் எக்கோ, அப்புறம் ஜீன்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. இந்தியாவில் ஏ.எஃப்.-இன் முகம் வேறு. இந்திய இதயத்துடிப்பு மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் இருந்த சுமார் 1,500 நோயாளிகளில் 47.6 சதவீதம் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சராசரி வயது 55-ஐக்கூடத் தொடவில்லை. சின்ன வயதில் தொண்டை வலி, பிறகு மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல், பல வருடம் கழித்து மைட்ரல் வால்வு சுருக்கம், அதனால் மேலறை வீங்கி ஏ.எஃப். இந்த வரிசை நம் அரசு மருத்துவமனை ஓ.பி.-யில் தெரியாதவர் இல்லை.

எனவே 'அம்மாவுக்கு 42 வயதிலேயே வந்துவிட்டது, எங்கள் குடும்ப ஜீன் சரியில்லை' என்று முடிவு கட்டும் முன் அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் (மைட்ரல் வால்வு சுருக்கம்) என்று இருந்தால், 42 வயதுக்கான விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. மரபணுப் பரிசோதனைக்குக் கொடுக்க இருந்த பணத்தை அம்மாவுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரைக்கும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். இதில் புது மாத்திரை பழையதைவிடச் சிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். ருமாட்டிக் ஏ.எஃப். உள்ளவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை பழைய மாத்திரைகள்தான் நல்ல பலன் தந்தன.

அதேபோல் தைராய்டு. அது கூடுதலாகச் சுரந்தாலும் ஏ.எஃப். வரும், ஒரு டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வால்வு சரி, தைராய்டு சரி, பி.பி. சரி, குடி இல்லை, இளம் வயது. இத்தனைக்குப் பிறகும் காரணம் தெரியாமல் நின்றால்தான் ஜீன் என்ற பேச்சுக்கே இடம்.

எச்சில் டெஸ்ட்: ஒற்றை எழுத்தின் கதை

இனி வழிகளுக்கு வருவோம். வீட்டுக்கு வரும் மரபணு கிட்களில் ஏ.எஃப். பற்றிய பகுதி எதைப் பார்க்கிறது என்று தேடினால், பல இடங்களில் 4ஆம் குரோமோசோமில் 4க்யூ25 என்ற பகுதியில் போய் நிற்கும். ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனம் 2007-இல் கண்டுபிடித்தது இது. அந்த நாட்டு ஏ.எஃப். நோயாளிகளின் மரபணுக்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டபோது, இந்த இடத்தில் இரண்டு டி.என்.ஏ. எழுத்து மாற்றங்கள் நோயாளிகளிடம் அதிகமாக இருந்தன. ஒன்று, பெற்றோரிடமிருந்து வரும் ஒவ்வொரு பிரதிக்கும் அபாயத்தை 1.72 மடங்காகவும், மற்றொன்று 1.39 மடங்காகவும் உயர்த்தியது.

அறிவியலாக இது அருமையான கண்டுபிடிப்பு. அந்த எழுத்துகள் எந்த ஜீனுக்குள்ளும் இல்லை. ஜீன்களே இல்லாத ஒரு வெட்டவெளியில் கிடக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஜீன் பிட்எக்ஸ்2. கருவில் இதயத்தின் இடது பக்கம் எது, வலது பக்கம் எது என்று முடிவு செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. நுரையீரல் சிரைகள் இடது மேலறையோடு சேரும் இடத்தில் தசை உருவாவதிலும் உண்டு. பிரான்சின் போர்டோ நகரில் ஐசகேர் குழு 1998-இல் காட்டியது என்ன? ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும் முறைதவறிய மின்துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்துதான் கிளம்புகின்றன என்பதை. இன்று அப்லேஷன் செய்யும் டாக்டர்கள் தீய்த்துத் தனிமைப்படுத்துவதும் அந்த வாயில்களைத்தான். டாக்டர்கள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுக் கண்டுபிடித்த இடத்துக்கே, எதுவும் தெரியாத ஒரு கணினிக் கணக்கும் ஒன்பது வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

ஆனால் உங்கள் முடிவுக்கு இது எந்த அளவுக்கு உதவும்? அதே 2007 ஆய்வுக்குள் ஒரு வரி இருக்கிறது. வலுவான அந்த மாற்றம் சீனர்களில் 75 சதவீதம் பேரிடம் இருக்கிறது. ஐரோப்பியர்களிடமோ அது சிறுபான்மை. அப்படியானால் ஐரோப்பாவைவிடச் சீனாவில் ஏ.எஃப். பெருகிக் கிடக்க வேண்டும். அப்படி இல்லை. நான்கில் மூன்று பேரிடம் இருக்கும் ஒன்றை வைத்து யாரை எச்சரிப்பது? இதில் 'பாசிடிவ்' என்று வந்தால் டாக்டர் சொல்லப்போவது பி.பி.-யைக் கவனியுங்கள் என்பது. 'நெகடிவ்' என்று வந்தாலும் அதையேதான் சொல்வார். அப்லேஷனுக்குப் பிறகு ஏ.எஃப். திரும்ப வருமா என்பதை இதை வைத்துக் கணிக்கப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் பொருந்தியது, சிலவற்றில் பொருந்தவில்லை.

இன்னொன்று, எச்சிலோடு சேர்த்து உங்கள் தகவலும் போகிறது. இந்தத் துறையில் மிகப் பிரபலமான 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருட்டுப் போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது, அதில் பாதி உங்கள் தம்பியுடையதும்கூட.

மொத்த மதிப்பெண்: நல்ல கணக்கு, நம்மை வைத்துப் போட்டதல்ல

ஒற்றை எழுத்து போதாது என்றதும், எல்லா எழுத்துகளையும் கூட்டினால் என்ன என்று போனார்கள். 2018-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று ஏ.எஃப்.-உடன் தொடர்புள்ள 111 இடங்களைக் காட்டியது, மற்றொன்று 97. இப்படிப்பட்ட இடங்களோடு, தனியாகப் பார்த்தால் எண்ணத் தோன்றாத லட்சக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களையும் சேர்த்து ஒருவருக்கு ஒரே எண்ணாகக் கொடுப்பதுதான் பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர். அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வு, மக்களில் 6.1 சதவீதம் பேர் இந்த மதிப்பெண்ணின்படி மூன்று மடங்கு ஏ.எஃப். அபாயத்தில் இருக்கிறார்கள் என்றது. எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரிட்டனின் வெள்ளையர்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த எண் இன்னொன்று. ஃப்ரேமிங்ஹாமில் ஆட்களை மரபணு மதிப்பெண்ணாலும், பி.பி., எடை, புகை போன்ற சாதாரண அபாயங்களாலும் தனித்தனியே மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கீழே இருந்தவர்களுக்கு 55 வயதுக்குப் பின் வாழ்நாள் அபாயம் சுமார் 22 சதவீதம். இரண்டிலும் மேலே இருந்தவர்களுக்குச் சுமார் 48. ஆக, மிக நல்ல ஜீனும் மிக நல்ல பழக்கமும் அமைந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுமே மோசமாக அமைந்தவர்களில் பாதிப் பேருக்கு வருவதில்லை. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எடுக்கும் முடிவு, அது இல்லாதவர் எடுப்பதிலிருந்து எந்த விதத்தில் மாறும் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

நமக்கு இது இன்னும் மங்கல். ஐரோப்பியரை வைத்துப் போட்ட மதிப்பெண்களை மற்றவர்களிடம் பயன்படுத்தினால் துல்லியம் இறங்கிவிடுகிறது. பல உடல் பண்புகளின் சராசரியாக, தெற்காசியர்களிடம் சுமார் 1.6 மடங்கு குறைவு என்று 2019-இல் கணக்கிட்டார்கள். போதாததற்கு ஒரு புதிரும் உண்டு. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்குச் சுகரும் மாரடைப்பும் அதிகம், ஆனால் ஏ.எஃப். மட்டும் வெள்ளையரைவிடக் குறைவு. காரணம் இன்னும் பிடிபடவில்லை. இந்தியாவின் ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நம்மை வைத்துப் போட்ட மதிப்பெண் வரும்வரை இதைத் தள்ளி வைக்கலாம். எப்படியும் வயதைவிடப் பெரிய அபாயக் காரணி ஏ.எஃப்.-இல் கிடையாது. அதற்கு டெஸ்ட் தேவையில்லை, ஆதார் அட்டை போதும்.

ஜீன் பேனல்: யாருக்கு உண்மையிலேயே தேவை

மேலே சொன்ன இரண்டும் 'வாய்ப்பு சற்று அதிகம்' வகை. பேனல் வேறு. இதில் தேடுவது அரிதான, ஆனால் ஒன்றே போதும் என்ற அளவுக்கு வலுவான மாறுபாடுகளை. 2003-இல் சீனாவில் நான்கு தலைமுறையாக ஏ.எஃப். ஓடிய ஒரு குடும்பத்தில் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயிலை உருவாக்கும் கேசிஎன்க்யூ1 என்ற ஜீனில் ஒரே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வாயில் அளவுக்கு மீறி வேலை செய்ததால் ஏ.எஃப். இதே ஜீனில் வேறு பிழைகளால் அந்த வாயில் மந்தமானால் லாங் க்யூடி என்ற வேறொரு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும். பரம்பரை நோய் என்றதும் நாம் நினைப்பது இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான். ஆனால் இவை மிக அபூர்வம்.

அதைவிட அடிக்கடி அகப்படுவது எதிர்பாராத இடத்தில் இருந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், 66 வயதுக்கு முன் ஏ.எஃப். வந்த 1,293 பேரின் ஜீன்களைப் படித்து 2021-இல் வெளியிட்டார்கள். 10.1 சதவீதம் பேரிடம் நோய் தரக்கூடிய மாறுபாடு இருந்தது; 30 வயதுக்குள் வந்தவர்களிடம் அது 16.8 சதவீதம். பெரும்பாலானவை மின்துடிப்பு ஜீன்களில்கூட இல்லை. இதயத் தசை நோய்களின் ஜீன்களில், முக்கியமாக டைட்டினில். மனித உடலின் மிகப் பெரிய புரதமான டைட்டின், தசை நீண்டு சுருங்க உதவும் சுருள். அதைப் பாதியில் வெட்டிவிடும் மாறுபாடு இருந்தால், இதயம் பெரிதாகிப் பலவீனமாகும் கார்டியோமயோபதி வரலாம். அந்த நோயின் முதல் அறிகுறியாக ஏ.எஃப். சில வருடம் முன்னாலேயே எட்டிப் பார்க்கலாம்.

பேனலை நான் பரிந்துரைப்பது இதனால்தான்: ரிப்போர்ட் வந்தால் செய்ய ஏதாவது இருக்கிறது. லாமின் ஏ/சி ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பிழை உள்ளவருக்கு முப்பது, நாற்பதுகளில் ஏ.எஃப்., அப்புறம் துடிப்பு மந்தமாகும் ஹார்ட் பிளாக், அப்புறம் இதயம் விரிவது, இடையில் திடீர் மரணம் என்ற வரிசை வரக்கூடும். ஹார்ட் பிளாக்குக்குச் சாதாரணப் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பியிருக்க வேண்டியவருக்கு, ஜீன் ரிப்போர்ட் கையில் இருந்தால், ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐசிடி கருவியை வைக்க டாக்டர் யோசிப்பார். எஸ்சிஎன்5ஏ ஜீனில் சிலவகைப் பிழை இருந்தால், திடீர் மரணம் வரை போகக்கூடிய ப்ருகாடா என்ற துடிப்பு நோய் பின்னால் இருக்கலாம்; அப்போது ஏ.எஃப்.-க்கு வழக்கமாகத் தரும் ஃப்ளெகைனைட் மாத்திரையே ஆபத்தாகிவிடும். இதயத் தசை தடிக்கும் ஹெச்சிஎம் என்று தெரிந்தால், ஏ.எஃப். வந்த உடனேயே இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். வயது, சுகர், பி.பி. எனப் புள்ளி எண்ணிப் பார்க்கும் வழக்கமான கணக்கு அங்கே செல்லாது. எச்சில் டெஸ்ட்டோ மொத்த மதிப்பெண்ணோ இப்படி ஒரு மாத்திரையையோ கருவியையோ மாற்றுவதில்லை.

இதனால்தான் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2023 வழிகாட்டுதல், வெளிப்படையான காரணம் இல்லாமல் 45 வயதுக்கு முன் ஏ.எஃப். வந்தவரை மரபணு ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் அனுப்பலாம் என்கிறது. 'அனுப்பலாம்', அவ்வளவுதான், 'அனுப்ப வேண்டும்' என்று சொல்லவில்லை. வயதோடு இன்னும் சிலவற்றை நான் சேர்ப்பேன்: குடும்பத்தில் ஐம்பதுக்குள் திடீர் மரணம், காரணம் தெரியாமல் மயங்கி விழுவது, இளவயதில் பேஸ்மேக்கர், 'இதயம் வீங்கிவிட்டது' என்று சொல்லி இறந்துபோன சித்தப்பா. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது பேனலின் தொல்லை. அதே வாண்டர்பில்ட் ஆய்வில் 62.8 சதவீதம் பேருக்கு வந்த விடை 'பொருள் தெளிவில்லாத மாறுபாடு'. ரிப்போர்ட்டில் ஒரு ஜீன் பெயர், ஒரு எண், இரண்டு எழுத்து, அதன் கீழே 'நோயோடு தொடர்பு உறுதியில்லை' என்று ஒரு வரி. இது நோயும் இல்லை, நிம்மதியும் இல்லை. இதை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது, குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்யவும் கூடாது. ஆனால் அந்தத் தாளைப் படித்தவருக்குத் தூக்கம் வருமா? உறுதியான மாறுபாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. டைட்டினை வெட்டும் மாறுபாடு இளவயது ஏ.எஃப். நோயாளிகளில் 2.1 சதவீதம் பேரிடம் இருந்தது என்றால், ஏ.எஃப். இல்லாதவர்களிலும் 1.1 சதவீதம் பேரிடம் இருந்தது. ஜீன் இருந்தும் ஒன்றும் ஆகாமல் நிம்மதியாக நடமாடுகிறவர்கள் நிறைய.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சிசிஎம்பி ஆகியவற்றின் ஆராய்ச்சியாளர்கள் உட்பட ஒரு குழு 2009-இல், எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாறுபாடு இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாகவும், அவர்களுக்கு இதயத் தசை நோய் அபாயம் சுமார் 7 மடங்கு என்றும் காட்டியது. நூறில் நான்கு என்றால் கோடிக்கணக்கானவர்கள். அப்புறம் வந்த ஆய்வுகள் படத்தை மாற்றின. அந்த 25 எழுத்து விடுபட்டதால் மட்டும் பெரிய ஆபத்து இல்லை. அதோடு அதே துண்டில் ஒட்டிக்கொண்டு வரும் வேறு மாறுபாடு உள்ள சிறுபகுதியினருக்குத்தான் அபாயம் அதிகம் என்று 2018-க்குப் பின் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 2010-இல் ஒருவர் இந்த டெஸ்ட் எடுத்துப் பயந்திருந்தால், அவருக்குச் சொல்லப்பட்டதும் இன்று சொல்லப்படுவதும் ஒன்றல்ல. ஜீன் ரிப்போர்ட்டைச் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். கொடுத்த லேபிலேயே கேட்கலாம்.

எனவே பேனலுக்குப் போனால் வரிசை முக்கியம். முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டியவர் நோய் வந்தவர்; பயப்படும் பிள்ளை அல்ல. நோய் வந்த அண்ணனிடம் உறுதியான மாறுபாடு கிடைத்தால், தம்பி தங்கைகளுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். செலவு குறைவு, விடையும் தெளிவு: இருக்கிறது, அல்லது இல்லை. 'இல்லை' என்றால் அவரும் அவர் பிள்ளைகளும் வருடா வருடம் எக்கோ எடுக்கும் கவலையிலிருந்து விடுபட்டார்கள். அண்ணனை விட்டுவிட்டுத் தம்பி நேராகப் பேனல் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அதற்குப் பொருள் எதுவும் இல்லை. குடும்பத்தில் ஓடும் பிழை பேனலுக்குத் தெரியாத ஒன்றாகவும் இருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்காவில் மரபணுத் தகவலை வைத்து ஹெல்த் இன்ஷூரன்ஸிலும் வேலையிலும் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 2008 முதல் சட்டம் உண்டு. ஆயுள் காப்பீடு அதில் வராது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம், ஹெச்சிஎம் நோயாளி ஒருவரின் வழக்கில், 'மரபணு நோய்கள்' என்று மொத்தமாக விலக்கும் பாலிசி வரி பாரபட்சமானது என்று தீர்ப்பளித்தது. அது ஆறுதல்தான். ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை டெஸ்ட்டுக்கு முன்பே படித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் பிறகு கிளெய்மே போய்விடும்.

விரல், ஈசிஜி, வாட்ச்

ஜீன் பக்கமே போகாத வழி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அவ்வப்போது ஒரு துடிப்பு முந்தி வந்து, ஒரு சின்ன இடைவெளி, பிறகு சீராகத் தொடர்ந்தால் பெரும்பாலும் அது 'எக்ஸ்ட்ரா பீட்'. காபி, தூக்கமின்மை, கவலை என எதிலும் வரும், பலருக்கும் வரும். எந்த இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ஒரே இடைவெளி இல்லை, அடுத்தது எப்போது என்று ஊகிக்கவே முடியவில்லை என்றால் அன்றே ஈசிஜி. ஏ.எஃப். ஈசிஜியில் ஒவ்வொரு பெரிய கூம்புக்கும் முன்னால் வர வேண்டிய சின்ன மேடு காணாமல் போய், கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். கூம்புகளுக்கு நடுவில் ஸ்கேலை வைத்தால் ஒன்றுகூடச் சமமாக இருக்காது. மருந்துக் கடையில் விற்கும் பி.பி. மெஷின்கள் சிலவும் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டால் ஒரு குறி காட்டும்.

வாட்ச் நல்ல கருவிதான், வயதைப் பொறுத்து. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆப்பிள் ஹார்ட் ஆய்வில், 'துடிப்பு ஒழுங்கில்லை' என்ற எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். 65-ஐத் தாண்டியவர்களில் அது 3 சதவீதத்தைத் தொட்டது. 40-க்குக் கீழே உள்ளவர்களில் 0.16. எனவே 28 வயது மகன் 40,000 ரூபாய் வாட்ச் கட்டிக்கொண்டு தூங்குவதைவிட, 70 வயது அப்பாவிடம் அதைக் கொடுத்தால் பயன் அதிகம். (மகன் கொடுக்க மாட்டான், அது வேறு விஷயம்.)

கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. டென்மார்க்கின் லூப் ஆய்வில், 70 வயதைத் தாண்டிய, பக்கவாத அபாயம் உள்ள 6,004 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் துடிப்பை ஓயாமல் பதியும் கருவியை வைத்தார்கள். அவர்களில் 31.8 சதவீதம் பேரிடம் ஏ.எஃப். கண்டுபிடிக்கப்பட்டது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிடம் 12.2. இருந்தும் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கொஞ்ச நேரம் வந்து போகும் ஏ.எஃப்.-க்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதில் 2023-இல் வந்த இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை: ஒன்றில் பலன் இல்லை, மற்றொன்றில் பக்கவாதம் கொஞ்சம் குறைந்தது, இரத்தக்கசிவு இரண்டிலுமே கூடியது. மாத்திரையா இல்லையா என்று முடிவு செய்யப் பயன்படும் புள்ளிக் கணக்கில் வயது, பி.பி., சுகர், முன்பு வந்த பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இரத்தக்குழாய் நோய் எல்லாம் இருக்கின்றன. ஜீனுக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஜீனை மாற்ற முடியாது, ஆனால் மாற்ற முடிந்தவை பேசாமல் நிறைய வேலை செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் வாரம் 10 டிரிங்கோ அதற்கு மேலோ குடிக்கும் ஏ.எஃப். நோயாளிகள் 140 பேரில் ஒரு பாதியினரைக் குடியை நிறுத்தச் சொன்னார்கள். 6 மாதத்தில் ஏ.எஃப். திரும்ப வந்தது அவர்களில் 53 சதவீதம் பேருக்கு, தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு. அடிலெய்டில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அப்படியே வைத்துக்கொண்ட பருமனான நோயாளிகளுக்கு, துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று விழிப்பவருக்குத் தூக்கப் பரிசோதனையும் இந்தக் கணக்கில் சேரும். இத்தனைக்கும் பிறகு பி.பி. 160-இல் நின்றால் எந்த ஜீன் ரிப்போர்ட்டும் அதை ஈடுகட்டாது.

அப்படியானால் யாருக்கு எது?

அப்பாவுக்கு 70-க்கு மேல் வந்தது, அவருக்கு பி.பி.-யும் சுகரும் உண்டு, குடும்பத்தில் திடீர் மரணம் இல்லை: ஜீன் பற்றிய பேச்சே வேண்டாம். பிள்ளைகள் நாற்பதிலிருந்து பி.பி.-யைப் பாருங்கள், ஆண்டுக்கொரு ஈசிஜி எடுங்கள், 65-க்குப் பின் நாடி பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

அம்மாவுக்கு நாற்பதுகளில், எக்கோவில் வால்வு நோய்: அம்மாவின் சிகிச்சையைக் கவனியுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு அடிக்கடி தொண்டைப் புண் வந்தால் சும்மா விடாதீர்கள்.

ஐம்பதுகளில் வந்த, காரணம் பாதி தெரிந்த பாதி தெரியாத ஏ.எஃப். தான் நடுவில் நிற்பது. இங்கே நான் நோயாளிக்கு ஒரு நல்ல எக்கோவையும் தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐயையும் கேட்பேன். அதில் இதயத் தசை நோய் என்ற சந்தேகம் வந்தால் பேனல். இல்லையென்றால் அவருடைய அண்ணன் தம்பிகளுக்கு ஈசிஜியும் ஓர் எக்கோவும் போதும்.

45-க்குக் கீழே, வால்வும் தைராய்டும் சரி, அல்லது குடும்பத்தில் இளவயது மரணமோ பேஸ்மேக்கரோ உண்டு: பேனல். நோய் வந்தவருக்கு முதலில், மரபணு ஆலோசகரோடு பேசிய பிறகு, இதயத் தசை ஜீன்களும் சேர்ந்த பேனலாக. ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மூன்று தலைமுறையின் பட்டியல் வேண்டும்: யாருக்கு என்ன, எந்த வயதில், இறந்தவர் எப்படி இறந்தார். 'ஹார்ட் அட்டாக்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் வயலில் நின்றபடியே விழுந்த திடீர் மரணமாக இருக்கும், கேட்டால்தான் தெரியும். பழைய ஈசிஜித் தாள் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சூடு பட்டால் நிறம் மாறும் தாள் என்பதால் பத்து வருடத்தில் எழுத்து மங்கிவிடும். இன்றே மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.